ஆரம்ப கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் எடுத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஊதாப்பூ:
வணக்கம் தோழிகளே. எனக்கு ஏழாவது வாரம் நடக்கிறது. போன வருடம் ஒரு கரு தங்காமல் போய்விட்டது, அதனால் இந்தத் தடவை பாசிட்டிவ் வந்ததிலிருந்தே நிம்மதியாக மூச்சு விடவில்லை. நேற்று முதல் பழுப்பு நிறத்தில் லேசான கசிவு. உடனே ஸ்கேன் எடுத்தோம், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, இதயத்துடிப்பும் தெரிகிறது என்றார்கள். டாக்டர் புரோஜெஸ்டிரோன் 400 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். 16 வாரம் வரை தொடரவேண்டுமாம்.

மருந்தோடு வந்த தாளைப் பிரித்துப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. மாமியார் வேறு "ஹார்மோன் மருந்தெல்லாம் பிள்ளைக்கு ஆகாது, எங்க காலத்துல அதனால எத்தனையோ பேருக்குக் குறையோட பிறந்துச்சு" என்கிறார். என் தோழிக்கு இதே பிரச்சினைக்கு வாயில் போடும் மாத்திரை கொடுத்தார்கள், வேறொருத்திக்கு ஊசி. எனக்கு மட்டும் ஏன் இது? இன்றைக்கு ராத்திரி முதல் டோஸ் வைக்கணும். வைக்கலாமா வேண்டாமா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மழைத்துளி:
பயப்படாதீங்க தோழி, தைரியமா வைங்க. நானும் வைத்தேன், என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், சூப்பரா இருக்கான். டாக்டர் சொன்னதைக் கேளுங்க, தாளைப் படிக்காதீங்க.

மருந்துச்சீட்டு:
மழைத்துளி ஆறுதலாகச் சொன்னது நல்லதுதான், ஆனால் "என் பிள்ளை நன்றாக இருக்கிறான்" என்பது ஒருவருக்குச் சரியாக அமைந்ததைத்தான் காட்டுகிறது. தாளையும் படிக்கவேண்டும், அதில் இருப்பது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளவேண்டும். நான் மருந்தாளர், இந்தக் கேள்வி கவுன்டரில் அடிக்கடி வருவதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊதாப்பூ, உங்களுக்குக் கொடுத்திருப்பது நுண்ணியதாக்கப்பட்ட, அதாவது மிகச் சிறு துகள்களாக அரைத்த, இயற்கைப் புரோஜெஸ்டிரோன். தாவரத்திலிருந்து எடுத்த மூலப்பொருளை வைத்துத் தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள், ஆனால் மூலக்கூறு உங்கள் சினைப்பை சுரப்பதேதான், ஓர் அணுகூட மாறாது. கருமுட்டை வெளியே வந்தபிறகு அந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் என்ற சிறு கட்டிதான் முதல் சில வாரங்கள் இதைச் சுரந்து கர்ப்பப்பையின் உள்சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். கார்னர், ஆலன் என்ற இருவர் 1929-லேயே முயல்களில் இதைக் காட்டிவிட்டார்கள்: சினைப்பையை எடுத்துவிட்ட கர்ப்பிணி முயலுக்கு மஞ்சள் உடலத்தின் சாற்றைக் கொடுத்தால் கரு தங்கியது. அதனால் இது உங்கள் உடம்புக்கு அந்நியமான சரக்கு இல்லை. குழந்தை ஏற்கெனவே இதில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது மாமியார் சொல்வது. அதைத் தூக்கி எறியாதீர்கள், அந்தப் பயத்துக்கு உண்மையான காரணங்கள் இருந்தன. ஒன்று, டி.இ.எஸ். எனப்படும் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் 1940களிலிருந்து 1971 வரை லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-லேயே அது பலன் தராது என்று ஓர் ஆய்வு காட்டியும் நிறுத்தவில்லை. 1971-ல்தான் அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வருவது தெரிந்தது. பெரிய அநியாயம் அது. ஆனால் அது செயற்கை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் குடும்பமே இல்லை. இன்னொன்று, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மாற்றிச் செய்த பழைய செயற்கை மருந்துகள், எத்திஸ்டிரோன், நோரெத்திஸ்டிரோன் மாதிரியானவை. அதிக அளவில் எடுத்த சில தாய்மார்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் ஆண்தன்மை தெரிந்தது, 1950களின் இறுதியில் இதைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு 1970களில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எல்லா வகைப் புரோஜெஸ்டிரோன் மருந்துகளுக்கும் சேர்த்து, முதல் நான்கு மாதம் எடுக்கவேண்டாம் என்று எச்சரிக்கை போடவைத்தது. இயற்கையானது, செயற்கையானது என்று பிரிக்காமல் ஒரே போர்வையாகப் போர்த்திவிட்டார்கள். 1999-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் அச்சம் அப்படியே தங்கிவிட்டது. நீங்கள் படித்த தாளிலும் அதன் மிச்சம் இருக்கலாம்.

ஆக, "புரோஜெஸ்டிரோன் பாதுகாப்பானதா" என்று கேட்டால் பதில் வராது. எது, எதற்காக, எவ்வளவு, எதுவரை என்று கேட்கவேண்டும். உங்கள் சீட்டில் இருப்பது இந்தக் குடும்பத்திலேயே நன்றாகச் சோதித்துப் பார்த்த ஒன்று.

தனிமரம்:
நான் ஒரு கணவன். இங்கே ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மனைவிக்குப் பாசிட்டிவ் வந்த அன்றைக்கே கேள்வி கேட்காமல் எழுதிவிட்டார்கள். கசிவு இல்லை, முன்னால் எதுவும் நடந்ததில்லை, ஸ்கேன்கூட எடுக்கவில்லை. அப்புறம் வாரா வாரம் ஊசி வேறு. ஊசி போட்ட இடம் கல் மாதிரி வீங்கி, ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் கஷ்டப்பட்டாள். கடைசியில் கரு தங்கவில்லை. எதற்காக அத்தனை வலியும்? ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டாளாம், அதனால்தான் போய்விட்டது என்று இன்றுவரை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறீர்கள் சரி, முதலில் இது வேலை செய்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
தனிமரம், தாராளமாக எழுதுங்கள். முதலில் உங்கள் மனைவிக்கு: ஒரு வேளை மாத்திரையை மறந்ததால் கரு போகாது. உறுதியாகச் சொல்கிறேன், அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். முதல் மூன்று மாதத்தில் போகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் எண்ணிக்கையில் கோளாறு இருக்கிறது. கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்த அந்த முதல் நாட்களிலேயே தீர்மானமாகிவிடும் விஷயம் அது. எந்த ஹார்மோனும் அதைத் திருத்தாது. அந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

நான் மகப்பேறு மருத்துவம் பார்க்கிறவள். வேலை செய்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகளை வைத்துப் பதில் சொல்லலாம்.

2015-ல் வந்தது பிராமிஸ் ஆய்வு. காரணம் தெரியாமல் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் கரு கலைந்த 836 பெண்கள். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் கேப்ஸ்யூல், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. புரோஜெஸ்டிரோன் வைத்தவர்களில் 65.8% பேருக்குக் குழந்தை பிறந்தது, வெற்று மருந்தில் 63.3%. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். இதில் இன்னொன்றைக் கவனியுங்கள்: வெறும் கேப்ஸ்யூல் வைத்தவர்களிலும் மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்ட அடுத்த தடவை குழந்தை பிறந்திருக்கிறது. தொடர்ந்து கரு கலைந்த பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

2019-ல் பிரிஸம் ஆய்வு. ஆரம்ப கர்ப்பத்தில் இரத்தக்கசிவோடு வந்த 4153 பெண்கள், 400 மி.கி. இரண்டு வேளை, 16 வாரம் வரை. ஊதாப்பூவின் சீட்டில் இருப்பது அச்சு அசலாக இதே அளவுதான். மொத்தமாகப் பார்த்தால் மருந்து வைத்தவர்களில் 75% பேருக்கும் வெற்று மருந்தில் 72% பேருக்கும் குழந்தை பிறந்தது, இங்கேயும் திட்டவட்டமான பலன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, கசிவும் இருந்து முன்பு ஒரு தடவையாவது கரு கலைந்தவர்களில் மருந்தில் 75%, வெற்று மருந்தில் 70%. மூன்று அல்லது அதற்கு மேல் கலைந்தவர்களில் மருந்தில் 72%, வெற்று மருந்தில் 57%. முன்பு எதுவும் கலையாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இதை வைத்துத்தான் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் பரிந்துரையை மாற்றியது: கசிவு இருக்கவேண்டும், முன்பு ஒரு கருச்சிதைவாவது ஆகியிருக்கவேண்டும், கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியாகவேண்டும். அப்படியானால் கொடுக்கலாம், இதயத்துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை தொடரலாம்.

ஊதாப்பூ, மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறது. உங்கள் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்த இரண்டு ஆய்வுகளிலும் பிறந்த குழந்தைகளையும் பார்த்தார்கள். பிறவிக் குறைபாடு மருந்து வைத்த குழுவில் கூடவில்லை. எந்த மருந்தும் எடுக்காத தாய்மார்களிடமும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. இது தெரியாததால்தான் மருந்து எடுத்தவருக்கு அப்படி நடந்துவிட்டால் மொத்தப் பழியும் மருந்தின்மேல் விழுகிறது. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த தகவல் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தனிமரம்:
நன்றி டாக்டர். அவளிடம் காட்டினேன், கொஞ்சம் அழுதாள். அந்த ஊசி என்ன என்று பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் காப்ரோயேட் என்று இருக்கிறது. இதுவும் அதேதானா?

வெள்ளைக்கோட்டு:
இல்லை, பெயர் ஒட்டியிருப்பதால் வரும் குழப்பம். அது செயற்கையாக மாற்றிய மூலக்கூறு, ஒரு வாரம் உடம்பில் தங்கும்படி செய்தது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு மறுபடி ஆகாமல் இருக்க, 16 வாரத்துக்குப் பிறகு கொடுப்பதற்காக எஃப்.டி.ஏ. 2011-ல் அனுமதித்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியாததால் 2023-ல் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு, பல பத்தாண்டுகளுக்கு முன் கர்ப்பத்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அவர்களுக்குப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. அது நிரூபணம் இல்லை, சந்தேகம். ஆனால் பலனும் இல்லை, சந்தேகமும் இருக்கிறது என்ற நிலையில் ஐரோப்பிய மருந்து ஆணையத்தின் குழு 2024-ல் அதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டது. ஆரம்ப கர்ப்பத்தில் கருவைத் தங்கவைக்க இந்த ஊசியை நான் எழுதுவதில்லை. இனிமேல் யாராவது எழுதினால், ஏன் இது, இயற்கையானது ஏன் இல்லை என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எண்ணெயில் கரைத்த இயற்கைப் புரோஜெஸ்டிரோன் ஊசியும் உண்டு. அது வேறு, செயற்கைக் கருத்தரிப்பில் பயன்படுகிறது. அதுவும் வலிக்கும், சிலருக்குப் போட்ட இடம் கட்டிக்கொள்ளும்.

கயல்விழியாள்:
வாயில் போடும் மாத்திரை பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு டூபாஸ்டன் 10 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். நெட்டில் தேடினால் குழந்தையின் இதயத்துக்கு ஆபத்து என்று வருகிறது. எட்டாவது வாரம். நெஞ்சு பதறுகிறது.

மருந்துச்சீட்டு:
அதில் இருப்பது டைட்ரோஜெஸ்டிரோன். புரோஜெஸ்டிரோனின் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்துச் செய்தது. வாயில் போட்டாலே நன்றாக உடம்பில் ஏறும், பழைய நோரெத்திஸ்டிரோன் மாதிரி ஆண்தன்மை விளைவு இதற்குக் கிடையாது. 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் பார்த்த இதய விஷயம் 2015 வாக்கில் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. இதயக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களிடமும் மற்ற தாய்மார்களிடமும், கர்ப்பத்தில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு ஒப்பிட்டது. குறையோடு பிள்ளை பெற்ற தாய் ஒவ்வொரு மாத்திரையையும் நினைவில் தோண்டி எடுப்பாள், மற்றவள் மறந்திருப்பாள். தவிர, எதற்காக அந்த மாத்திரை கொடுத்தார்களோ அந்தக் கசிவே, கருவில் ஏற்கெனவே இருந்த கோளாறின் அறிகுறியாகவும் இருந்திருக்கலாம். அதனால் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு பக்கம் 2017, 2018-ல் லோட்டஸ் என்ற பெயரில் இரண்டு ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக் கருத்தரிப்புப் பெண்கள், யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டைட்ரோஜெஸ்டிரோன் குழுவிலும் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் குழுவிலும் பிறவிக் குறை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

சமீபத்தில் பக்கவிளைவு அறிக்கைகளின் தொகுப்பை அலசியவர்கள் மறுபடி இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. என் கருத்து: பதறி நிறுத்துகிற அளவுக்கு ஆதாரம் இல்லை, ஆனால் காரணமே இல்லாமல் விழுங்குகிற அளவுக்கு அலட்சியமும் கூடாது. நீங்களாக நிறுத்தாதீர்கள். எதற்காகக் கொடுத்தீர்கள், இயற்கையானதற்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பல டாக்டர்கள் மாற்றித் தருவார்கள்.

மழைத்துளி:
சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. குழந்தைக்குத் தீங்கு இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எல்லோருமே பாசிட்டிவ் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டால் என்ன? நல்லதும் நடக்கலாம், கெட்டது நடக்காது.

வெள்ளைக்கோட்டு:
கெட்டது நடக்கும், மழைத்துளி. மருந்து செய்யாவிட்டாலும், மருந்து இருக்கிறது என்ற தைரியம் செய்யும். கரு கர்ப்பக்குழாயில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கசிவு வருகிறது. ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை எழுதிவிடுகிறார்கள், சரியாகிவிடும் என்று அவள் வீட்டில் படுத்துக்கொள்கிறாள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் எல்லாம் வந்தும் மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்கிறாள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த அறிகுறிகளில் எது வந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்கு இரத்தம் போனாலும், கையில் எந்த மருந்து இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கருவின் துடிப்பு நின்றபிறகும் ஹார்மோன் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், உடம்பு தானாக வெளியேற்றுவது தள்ளிப்போகலாம். வாரக்கணக்கில் நல்லபடியாக வளர்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த ஸ்கேன் நாளின் துக்கம் இரட்டிப்பாகிவிடும். அதனால் மருந்தில் இருப்பவர்கள் இடையில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது முக்கியம்.

தனிமரத்தின் மனைவிக்கு நேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். தேவையே இல்லாமல் கொடுத்த ஒரு மாத்திரை, அதை ஒரு வேளை மறந்ததற்காக ஆயுள் முழுக்கக் குற்ற உணர்வு. "கெட்டது நடக்காது" என்று இதை எப்படிச் சொல்வது?

ஊதாப்பூ:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி வைத்துவிட்டேன். மாமியாரிடமும் டி.இ.எஸ். கதையைச் சொன்னேன், "அதுதான்டி நான் கேள்விப்பட்டது" என்றார், இப்போது அவரே நேரத்துக்கு ஞாபகப்படுத்துகிறார். இன்னும் சில சந்தேகங்கள். காலையில் வெள்ளையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு நிறைய வெளியே வந்துவிட்டது. மருந்தெல்லாம் வீணாகிவிட்டதா? அப்புறம், என் தோழிக்கு இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுத்தார்களாம். எனக்கு அந்த டெஸ்டே எடுக்கவில்லையே?

மருந்துச்சீட்டு:
வீணாகவில்லை. வெளியே வருவது பெரும்பாலும் மருந்தைச் சுமந்துவந்த கொழுப்பும் மேலுறையும்தான். வைத்ததும் இருபது, முப்பது நிமிடம் படுத்திருந்தால் போதும், அதற்கு மேல் அசையாமல் கிடக்கவேண்டிய அவசியம் கிடையாது. இரவு டோஸைத் தூங்கப்போகும் முன் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வைப்பதற்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் படுத்திருக்க நேரம் கிடைக்கும். மெல்லிய பேட் போடுங்கள், உள்ளே வைக்கும் டாம்பான் வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிவிடும். விரலாலேயே மெதுவாக உள்ளே தள்ளினால் போதும், நகத்தை வெட்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு. விரல் கர்ப்பப்பை வாயில் பட்டாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் வையுங்கள், அடுத்த டோஸ் நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வைக்கவேண்டாம். கசிவு அதிகமாகி மருந்து தங்கவே மாட்டேன் என்றால் சில வகைகளை ஆசனவாயில் வைக்கலாம், உங்களுடையது அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே கேப்ஸ்யூலை வாயில் விழுங்கச் சொன்னால் ஒரு கவனம். பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும், உடைந்து வருவது மூளையில் தூக்க மருந்து மாதிரி வேலை செய்யும். சிலர் எழுந்து நின்றதும் தள்ளாடுவார்கள். படுக்கப்போகும்போது மட்டும் எடுங்கள், எடுத்தபின் வண்டி ஓட்டவேண்டாம். பிறப்புறுப்பில் வைப்பதில் இந்த மயக்கம் குறைவு, மருந்தும் கர்ப்பப்பைக்கு நேராகப் போகிறது. மார்பு கனப்பது, வயிறு உப்புவது, மலச்சிக்கல், இவை எந்த வழியில் எடுத்தாலும் வரலாம், கர்ப்பத்திலேயே வருவதுதான் என்பதால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேப்ஸ்யூல்களில் வேர்க்கடலை எண்ணெயோ சோயா லெசிதினோ சூரியகாந்தி எண்ணெயோ இருக்கும், தயாரிப்பைப் பொறுத்து மாறும். கடலை, சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கல்லீரல் நோய், கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தது, மார்பகப் புற்றுநோய், இதெல்லாம் முன்பு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

வெள்ளைக்கோட்டு:
இரத்த அளவு பற்றி: புரோஜெஸ்டிரோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டுவிட்டுச் சுரக்கும். காலையில் பார்த்த எண்ணும் மாலையில் பார்த்த எண்ணும் வேறுபடும். மிகக் குறைவாக இருந்தால், கரு நலமில்லாததால் சுரப்பு குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சுரப்பு குறைந்ததால் கரு நலமில்லை என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு எண்ணை ஏற்றப் பார்க்கிறோம். அத்துடன் பிறப்புறுப்பில் வைக்கும்போது கர்ப்பப்பையில் மருந்து நிறைய இருந்தாலும் இரத்தத்தில் அவ்வளவு காட்டாது. உங்களுக்கு இதயத்துடிப்பு பார்த்தாகிவிட்டது. அந்த டெஸ்டைவிட அது ஆயிரம் மடங்கு பயனுள்ள தகவல்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், படுக்கையை விட்டு எழாமல் இருப்பதால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வீட்டில் யாராவது கட்டாயப்படுத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சிட்டுக்குருவி:
ஒரு அவசரக் குறிப்பு, இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன். நான் உறைய வைத்த கருவைப் பதித்துக் கர்ப்பமானவள். ஹார்மோன் மருந்து மூலம் கர்ப்பப்பையைத் தயார்செய்து பதிக்கும் முறை. அந்த முறையில் கருமுட்டை வெளிவரவே இல்லை, அதனால் மேலே சொன்ன மஞ்சள் உடலமே உடம்பில் கிடையாது. நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும்வரை வெளியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன்தான் ஒரே ஆதாரம். "பலன் நிரூபணமாகவில்லையாமே" என்று எங்களை மாதிரி யாராவது பாதியில் நிறுத்திவிட்டால் பெரிய விபரீதம். இது எங்களுக்கு உதிரி மருந்து இல்லை, மூச்சு.

வெள்ளைக்கோட்டு:
சிட்டுக்குருவி, இதை எழுதியதற்கு நன்றி, நானே சொல்லியிருக்கவேண்டிய விஷயம். 1970களில் சாப்போ என்பவர் மனிதர்களிடமே இதைக் காட்டினார், ஏழு வாரத்துக்கு முன் மஞ்சள் உடலத்தை எடுத்தால் கரு கலைந்தது, அதற்குப் பிறகு எடுத்தால் பெரும்பாலும் தங்கியது, ஆரம்பத்திலேயே எடுத்தவர்களுக்கும் புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் காப்பாற்ற முடிந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் உள்ளவர்கள் உங்கள் மையம் சொன்ன தேதிவரை ஒரு வேளையும் விடாமல் எடுங்கள். பிராமிஸ், பிரிஸம் எண்கள் உங்களுக்கானவை அல்ல.

மல்லிகைப்பந்தல்:
வெட்கத்தோடு கேட்கிறேன். குடும்ப விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டேன், நோரெத்திஸ்டிரோன். அப்போது கர்ப்பம் என்று தெரியாது. இப்போது ஐந்து வாரம் என்கிறார்கள். மேலே பெண் குழந்தைக்கு ஆண்தன்மை என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டில் கலைத்துவிடலாம் என்றுகூடப் பேசுகிறார்கள்.

வெள்ளைக்கோட்டு:
தயவுசெய்து அதற்காகக் கலைக்காதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, தினம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய பாதிப்புகள் அதிக அளவில், நீண்ட காலம், அதுவும் வெளிப் பிறப்புறுப்பு உருவாகும் காலத்தில் எடுத்தவர்களிடம் பார்த்தவை. அது ஏறக்குறைய எட்டு வாரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீங்கள் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டீர்கள். மாத்திரையை இனி தொடவேண்டாம், எந்தத் தேதிகளில் எத்தனை போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் கொடுங்கள், கர்ப்பத்தின் நடுவில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேனை விடாமல் எடுங்கள். கர்ப்பத்தைக் கலைக்க மருத்துவக் காரணமே இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள். வேண்டுமானால் அவர்களையும் டாக்டரிடம் அழைத்துப்போய் நேரில் கேட்கவையுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
அக்கா, இதைப் படித்ததும் அழுதுவிட்டேன். நாளைக்கே போகிறோம்.

ஊதாப்பூ:
கசிவு நின்றுவிட்டது, அடுத்த ஸ்கேனிலும் துடிப்பு நன்றாக இருக்கிறது. வேறு ஒரு டாக்டரைப் பார்த்தபோது 12 வாரத்திலேயே நிறுத்திவிடலாம் என்றார், என் டாக்டர் 16 என்கிறார். நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணுமா, ஒரேயடியாக நிறுத்தினால் கரு கலைந்துவிடுமா?

வெள்ளைக்கோட்டு:
பிராமிஸ் ஆய்வில் 12 வாரம், பிரிஸத்தில் 16 வாரம். இரண்டு டாக்டர்களும் ஆளுக்கொரு ஆய்வைப் பின்பற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமைக்கு, அதாவது கசிவும் முந்தைய இழப்பும் சேர்ந்ததற்கு, பலன் காட்டிய ஆய்வில் 16 வாரம் வரை கொடுத்தார்கள், அதனால் நான் 16 என்பேன். அதற்கு முன்பே நஞ்சுக்கொடி முழுப் பொறுப்பையும் எடுத்திருக்கும், பிரசவம் நெருங்கும்போது அது ஒரு நாளைக்கு 250 மி.கி. அளவுக்குச் சுரக்கும். அதனால் தேதி வந்ததும் நிறுத்தலாம், படிப்படியாகக் குறைத்தே ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் ஒரு வாரம் இரவு மட்டும் வைத்துவிட்டு நிறுத்துங்கள், அதில் தவறும் இல்லை. உங்கள் இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் கசிவு வந்ததை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள், அதற்கென்று உள்ள ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார்.

கயல்விழியாள்:
நான் கேட்டுப்பார்த்தேன், டாக்டர் கோபப்படவே இல்லை, கேப்ஸ்யூலுக்கு மாற்றிக் கொடுத்தார். பிறப்புறுப்பில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது என்றதால் இப்போதைக்கு இரவில் விழுங்கச் சொன்னார். ஆனால் நேற்றிலிருந்து உள்ளங்கையும் பாதமும் அரிக்கிறது, தடிப்பு எதுவும் இல்லை. இரவில் அதிகம். இதற்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டா?

மருந்துச்சீட்டு:
இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, பாதம் அரிப்பது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கக்கூடும். கர்ப்பத்தில் தானாகவும் வரும், பெரும்பாலும் பிந்திய மாதங்களில். வாயில் எடுக்கும் புரோஜெஸ்டிரோனோடும் அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். இன்றே டாக்டருக்குப் போன் செய்து, பித்த அமிலமும் கல்லீரல் டெஸ்டும் எடுக்கவேண்டுமா, இன்றிரவு டோஸைப் போடலாமா என்று கேளுங்கள். சிறுநீர் அடர்நிறமாகப் போகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

கயல்விழியாள்:
கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. போன் செய்துவிட்டேன், இன்றிரவு மாத்திரை வேண்டாம், காலையில் வெறும் வயிற்றில் வந்து இரத்தம் கொடுங்கள் என்றார். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.